காற்றை அளந்த அன்னா மணி: சங்கரன்கோவில் காத்தாடிக்கும் வானத்தில் சேரும் கரிக்கும் என்ன சம்பந்தம்?

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலில் கூட்டம் சேரும் நேரத்தில்தான் ஊருக்கு வெளியே காற்றும் உச்சத்தில் இருக்கும். அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் அந்தக் காற்று, செங்கோட்டை - ஆரியங்காவு கணவாய் வழியாக மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. தேவர்குளம், வன்னிக்கோனேந்தல், ஊத்துமலை பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் காத்தாடிகள். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால், இந்தக் காற்று மின்சாரம் எடுக்கும் அளவுக்குத் தேறும்னு முதல்ல கணக்குப் போட்டது யாரு? எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது என்று நாடு முழுக்க அளந்து, புத்தகமாகத் தொகுத்த பெரிய வேலையை முன்னின்று நடத்தியவர் ஒரு பெண். பெயர் அன்னா மணி. இந்தியாவின் வானிலைப் பெண்மணி என்று அழைக்கப்படுபவர்.

இவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் புவி வெப்பமாதல் பற்றிய ஓர் அடிப்படை விஷயமும் சேர்ந்தே புரிந்துவிடும். நிலக்கரியை எரிப்பதால் காற்றில் கரி கூடுகிறது என்பதும் சரி, அதற்கு மாற்று நம் ஊரிலேயே இருக்கிறது என்பதும் சரி, யாரோ பொறுமையாக அளந்து வைத்ததால்தான் நமக்குத் தெரியவந்தது.

வைரத் தோட்டுக்குப் பதில் கலைக்களஞ்சியம்

1918 ஆகஸ்ட் 23 அன்று, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள பீர்மேட்டில் அன்னா மணி பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையும் மூடுபனியும் அதிகமுள்ள ஊர் அது. அப்பா கட்டடப் பொறியாளர். ஏலக்காய்த் தோட்டமும் இருந்தது. எட்டுப் பிள்ளைகளில் அன்னா ஏழாவது.

வீட்டில் ஆண் பிள்ளைகளை உத்தியோகத்துக்குப் படிக்கவைப்பார்கள், பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுப்பார்கள். எட்டாவது பிறந்தநாளுக்குப் பெண் குழந்தைக்கு வைரத் தோடு போடுவது குடும்ப வழக்கம். அன்னா அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் கேட்டார். வைக்கம் போராட்டத்தின்போது காந்தி அந்தப் பக்கம் வந்துபோனதன் தாக்கத்தில் கதர் கட்டத் தொடங்கினார். அந்த வழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை.

சென்னையில் இயற்பியலும் வேதியியலும் படித்து 1939-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே உதவித்தொகையோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சி.வி.ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

வைரத்தை ஆராய்ந்தார், டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை

தோட்டில் வேண்டாம் என்று சொன்ன வைரம், ஆய்வகத்தில் கைக்கு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் ஒளியை எப்படி உள்வாங்கி வெளியிடுகின்றன என்று அளப்பதுதான் வேலை. ஒரு படத் தகட்டில் ஒளி பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. ஆணும் பெண்ணும் சகஜமாக உட்கார்ந்து ஆராய்ச்சி பற்றிப் பேசிக்கொள்ளும் சூழலும் அப்போது அங்கே இல்லை.

1942-லிருந்து 1945-க்குள் தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் பட்ட ஆய்வேட்டையும் கொடுத்தார். பட்டம் தரப்படவில்லை. முதுகலைப் பட்டம் இல்லை என்பது காரணம். முடித்த ஆய்வும் வெளிவந்த கட்டுரைகளும் கண் முன்னே இருந்தன, ஆனால் விதி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை அவர் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் வரவே இல்லை. அவரும் அதைப் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

லண்டனில் கிடைத்த ஒரே வாய்ப்பு

மேற்கொண்டு இயற்பியல் படிக்கலாம் என்று 1945-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குக் கப்பல் ஏறினார். போன இடத்தில் கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி மட்டும்தான். வந்ததுக்கு இதையாவது கத்துக்குவோம் என்பதுபோல அதில் இறங்கினார். அதுவே வாழ்நாள் வேலையாக மாறியது.

1948-ல் திரும்பியபோது நாடு சுதந்திரம் அடைந்திருந்தது. ஆனால் மழைமானி, வெப்பமானி போன்ற சாதாரணக் கருவிகளையும் பிரிட்டனிலிருந்து வாங்கும் நிலை மாறவில்லை. புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த அன்னா மணி, சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து, இங்கேயே செய்யவைத்தார். 1953-ல் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். அவருக்குக் கீழே வேலை பார்த்த 121 பேரும் ஆண்கள்.

கருவி விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். தப்பாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவருடைய கட்சி. ஒரு கருவி அரை டிகிரி தவறாகக் காட்டினால், அதை வைத்துப் போடும் பத்தாண்டுக் கணக்கும் தவறாகிவிடும் அல்லவா?

உலகமே சேர்ந்து அளந்த 18 மாதங்கள்

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரையிலான காலம் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டாகக் கடைப்பிடிக்கப்பட்டது. பனிப்போர் நடந்த நேரத்திலும் பல நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து கடல், காற்று, பனி, சூரியன் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளந்தார்கள்.

இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களைப் பல ஊர்களில் நிறுவியது அன்னா மணியின் குழு. அதே திட்டத்தின் பகுதியாக, 1958 மார்ச்சில் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்கர் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அன்று காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்கு அந்த வாயு இருந்தது. அளவீடு இன்றுவரை தொடர்கிறது. இப்போது அது 420-ஐயும் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னால் சுமார் 280 தான் இருந்தது என்பதைத் துருவப் பனிக்குள் அடைபட்ட பழைய காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன.

ஒருவர் சூரியனிலிருந்து வரும் கதிரை அளந்தார், இன்னொருவர் பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுவை அளந்தார். ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் இவை.

நிலக்கரி எரிந்தால் என்ன ஆகிறது?

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் பார்த்துவிடுவோம். நிலக்கரி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரஞ்செடிகள் மண்ணுக்கடியில் புதைந்து மாறியது. அந்தச் செடிகள் அன்றைய காற்றிலிருந்து எடுத்த கரி அதில் பூட்டிக் கிடக்கிறது. நாம் எரிக்கும்போது அந்தக் கரி ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. 12 கிராம் கரி, 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் வாயுவாகிறது. அதனால்தான் எரித்த கரியைவிட வெளியேறும் வாயுவின் எடை அதிகம்.

நம் பக்கத்து உதாரணம் தூத்துக்குடி அனல்மின் நிலையம். தலா 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஐந்து அலகுகளும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஆயிரம் டன். புகைபோக்கியில் தெரியும் புகையை வைத்து இதை மதிப்பிட முடியாது, ஏனென்றால் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

உலகம் முழுக்க நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு எரிப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. மனிதர்கள் வெளியிடுவதில் கிட்டத்தட்டப் பாதியைக் கடலும் காடுகளும் மண்ணும் உள்வாங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதி காற்றிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் அளவு ஏறிக்கொண்டே போவதற்கு அதுதான் காரணம்.

அது நாம் எரித்த கரிதான்னு எப்படித் தெரியும்?

எரிமலைகூட இந்த வாயுவை விடுகிறதே, மனிதர்கள் மேல் ஏன் பழி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதிலும் அளவீட்டில்தான் இருக்கிறது.

உயிரோடு இருக்கும் செடிகொடிகளில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை கொஞ்சம் இருக்கும். அது காலப்போக்கில் சிதைந்துபோகும். பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது சுத்தமாக இருக்காது. அப்படிப்பட்ட கரி காற்றில் கலந்தால், காற்றில் உள்ள கார்பன்-14-ன் பங்கு நீர்த்துப்போக வேண்டும். பாலில் தண்ணீர் கலந்தால் தெரிந்துவிடுவது மாதிரிதான். 1950-களில் ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, அது உண்மையிலேயே நீர்த்துப்போயிருப்பதைக் காட்டினார்.

எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால் காற்றில் ஆக்சிஜனும் மிகமிகக் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. நாம் மூச்சுவிடுவதற்குப் பாதிப்பு வரும் அளவு இல்லை, ஆனால் கருவிக்குத் தெரிகிறது. எரிமலையிலிருந்து வரும் வாயு என்றால் இப்படி ஆக்சிஜன் குறைய வேண்டிய அவசியமே இல்லை. எரிமலைகள் ஆண்டுக்கு வெளியிடும் அளவும் நாம் எரிப்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மேலே போகும் வெப்பத்தையும் அளந்தார்

சூரிய ஒளி பூமியைச் சூடாக்குகிறது. சூடான பூமி அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதில் ஒரு பகுதியை வழியில் பிடித்துக்கொள்கின்றன. இந்த வாயு கூடக்கூட, தப்பிக்கும் வெப்பம் குறைகிறது.

வெயிலை அளப்பதோடு அன்னா மணி நிற்கவில்லை. பலூனில் கருவியைக் கட்டி மேலே அனுப்பி, எந்த உயரத்தில் எவ்வளவு அகச்சிவப்புக் கதிர் போகிறது என்பதை அவருடைய குழு 1960-களிலேயே இந்திய வானில் அளந்தது. ஓசோனை அளக்கும் பலூன் கருவியையும் இங்கேயே உருவாக்கினார்கள். 1963-ல் தும்பா ஏவுதளம் தொடங்கியபோது, விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால் அங்கே வானிலை ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார்.

இந்த அளவீடுகளைப் புவி வெப்பமாதலை நிரூபிப்பதற்காக அவர் எடுக்கவில்லை. அன்று அது பொதுவெளிப் பேச்சாகவே இல்லை. இந்தியாவின் வானிலையை இந்தியாவிலேயே சரியாக அளக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் ஒரு நாட்டின் வெப்பக் கணக்கைப் போட இப்படிப்பட்ட நீண்டகாலப் பதிவுகள்தான் அடிப்படை. 1976-ல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகுதான் காற்று

1970-களில் எண்ணெய் விலை எகிறியது. மாற்று எரிசக்தி பற்றி அரசு யோசிக்க ஆரம்பித்தது. 1982-ல் மரபுசாரா எரிசக்திக்குத் தனித் துறையே வந்தது. காத்தாடி வைக்கலாம், சரி, எங்கே வைப்பது?

ஓய்வு பெற்ற அன்னா மணி பெங்களூருவில் மறுபடி வேலையில் இறங்கினார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980-லும் 1981-லும் இரண்டு பெரிய நூல்களாகக் கொண்டுவந்தார். 1983-ல் காற்றாற்றல் தரவு நூல் வந்தது. காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைத் தயாரிக்க ஒரு சிறிய பட்டறையும் தொடங்கினார்.

காற்றை இவ்வளவு துல்லியமாக அளக்கணுமா என்று தோன்றலாம். அளக்கணும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்துக்கும் 5 மீட்டர் வேகத்துக்கும் கையை நீட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருவி 10 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் மின்சாரக் கணக்கில் 33 சதவீதம் தவறு வரும். கடன் வாங்கிக் காத்தாடி போட்டவர் தெருவுக்கு வந்துவிடுவார்.

பழைய வானிலை நிலையங்கள் பலவும் ஊருக்குள், மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே தாழ்வான உயரத்தில் அளந்தவை. அது காத்தாடிக்கு உதவாது. அதனால் திறந்தவெளியில் உயரமான கம்பங்கள் நட்டு, மாதக்கணக்கில் பதிவுசெய்து ஆய்வு நடத்தினார்கள். தமிழ்நாட்டில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய கணவாய்களின் முகப்பில்தான் நல்ல காற்று என்பது எண்களோடு உறுதியானது. மலைத்தொடர் தடுக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, இடைவெளி கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வேகமாக வெளியேறுகிறது. செங்கோட்டைக் கணவாய்க் காற்றின் பாதையில்தான் சங்கரன்கோவில் இருக்கிறது. பக்கத்திலேயே கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய அளவிலான நிலையமும் இருக்கிறது.

காத்தாடி எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது?

250 கிலோவாட் திறனுள்ள பழைய காத்தாடி ஒன்று முழு வேகத்தில் ஒரு மணி நேரம் சுற்றினால் 250 யூனிட். அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்திருந்தால் கால் டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்ந்திருக்கும். இரண்டு மெகாவாட் காத்தாடி என்றால் மணிக்கு இரண்டு டன் மிச்சம். காத்தாடியைச் செய்யவும் இரும்பும் சிமென்ட்டும் வேண்டும், அதிலும் கரி வெளியேறும். ஆனால் நல்ல காற்றுள்ள இடத்தில் சுமார் ஓராண்டுக்குள் அந்தக் கடன் அடைபட்டுவிடும். பிறகு இருபது ஆண்டுகள் லாபம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே வானத்தில் சேர்ந்துவிட்ட கரியைக் காத்தாடி கீழே கொண்டுவராது. புதிதாகச் சேர்வதைத்தான் தடுக்கும். சேர்ந்த கரியில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே இருக்கும். நம் தாத்தா காலத்தில் எரித்தது இன்றும் மேலே இருக்கிறது. நாம் எரிப்பது பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். எரிப்பதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் முக்கியம் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதனால்தான்.

காற்று ஓய்ந்த பிறகு?

தமிழ்நாட்டில் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. ஆனால் மே முதல் செப்டம்பர் வரைதான் உண்மையான சீசன். ஐப்பசிக்கு மேல் காத்தாடிகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் தவித்ததை விசைத்தறிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்று அடித்த மாதங்களில் தறி ஓடியது. காற்று ஓய்ந்ததும் கரண்ட் எப்போ வரும்னு காத்துக்கிடக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியை இன்றும் பெரும்பாலும் நிலக்கரிதான் நிரப்புகிறது.

இதற்கு ஒரு பாதி விடையும் அன்னா மணியின் புத்தகங்களிலேயே இருக்கிறது. அவர் காற்றை மட்டும் அளக்கவில்லை, வெயிலையும் அளந்தார். தென் தமிழகத்தில் காற்று குறையும் மாதங்களிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அதற்கு உதாரணம். மீதிப் பாதி, ராத்திரிக்கு மின்சாரத்தைச் சேமித்துவைப்பது. பேட்டரியும், தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் நீரேற்று மின் நிலையங்களும் பெருகினால்தான் அது நடக்கும்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. நல்ல காற்றுள்ள இடங்களை முதலில் பிடித்தவை பழைய, சின்னக் காத்தாடிகள். அதே இடத்தில் பெரிய, உயரமான காத்தாடிகளை வைத்தால் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். இதற்கென்று தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சங்கரன்கோவில், கயத்தாறு வட்டாரத்தின் காற்று எத்தனை டன் நிலக்கரியைத் தடுக்கப்போகிறது என்பது முடிவாகும்.

அன்னா மணி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1987-ல் இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் கே.ஆர்.ராமநாதன் பதக்கம் கிடைத்தது. 1994-ல் பக்கவாதம் வந்தது. 2001 ஆகஸ்ட் 16 அன்று, 83-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, திருவனந்தபுரத்தில் காலமானார். ஏற்கப்படாத அந்த டாக்டர் பட்ட ஆய்வேடு பெங்களூருவில் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.